வராத அம்மைக்குக் கட்டிய வேப்பிலை

வீட்டில் யாருக்கும் அம்மை போடாதபோது வாசலில் வேப்பிலை கட்டிய மனிதன் இந்த மலாய் நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். குடித்துவிட்டுச் செய்த காரியம் என்றால் கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் குளித்து, திருநீறு பூசி, இரண்டு பத்திரிகைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை வாசித்து முடித்து, தெளிந்த புத்தியோடு செய்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. படித்தவன் என்று பெயர் வேறு.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடியப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. சண்டை முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. விஷக் காய்ச்சல் என்றார்கள் சிலர். பத்திரிகை படிக்கிற நாங்கள் இன்புளுவன்சா என்றோம். பெயரைச் சரியாக உச்சரித்தவர்களையும் அது விடவில்லை. காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் படுப்பான். மூன்றாம் நாள் அவன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தைக் கார்பாலிக் தண்ணீரால் கழுவினார்கள்.

நாங்கள் இருந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதுவும் கூரையைத் தொடாது, மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். இருமல் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நான் கூட்ஸ் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. என் மனைவிக்கு ஏழாம் மாதம். எங்களுக்கு அது முதல் குழந்தை. பின் வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம். காய்ச்சல் கண்ட நான்காம் நாள் அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள். கர்ப்பிணிகளைத்தான் இந்தக் காய்ச்சல் தேடிப் பிடிக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கைகளைச் சொன்னால் இன்று என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் பத்திரிகையைக் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் படிப்பேன். கழுத்தில் கற்பூரப் பொட்டலம். கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம். பெர்மாங்கனேட் தண்ணீரில் தினம் நான்கு முறை கொப்பளித்து, பல்லெல்லாம் வெற்றிலைக்காரன் பல் மாதிரி ஆகிவிட்டது. வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் குடையை முன்னால் நீட்டி, குடையின் நுனிக்கு அப்பால் நிற்கச் சொல்லுவேன். இவ்வளவையும் செய்துகொண்டு தினமும் ஆபீசுக்குப் போனேன். அங்கே என் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் இருமுவார், அந்தப் பக்கம் ஒருவர் இருமுவார். அது அரசாங்க இருமல். அதை என்ன செய்ய முடியும்?

எனக்குப் பயமெல்லாம் வரிசைப் பெண்கள்மேல்தான். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அது பகை. செத்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில் மாசமாக ஒரு பெண் இருந்தால் வாய்க்கு ருசியாக எதையாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் எங்கள் வரிசைப் பெண்கள் ஒரே நடையில் முடிப்பார்கள். காய்ச்சல்காரர் வீட்டில் கால்மணி நேரம், செத்த வீட்டில் அரைமணி நேரம், அங்கிருந்து நேரே மாங்காய்த் தொக்கோடு எங்கள் வீட்டுக்கு. இவர்களில் முதல்வர் கோடி வீட்டில் இருந்த, யார்டில் ரயில் பெட்டி கோக்கும் ஷண்டரின் மனைவி. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார்.

வரவேண்டாம் என்று வாயால் சொல்ல முடியுமா? அந்தத் தைரியம் எனக்கில்லை. ஓர் அட்டையில் அழகாக எழுதி வாசலில் மாட்டினேன். அன்று வழக்கத்தைவிட மூன்று பேர் அதிகமாக வந்தார்கள், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க.

மனைவியைக் கிள்ளானில் இருக்கும் அவளுடைய அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். ரயில் பெட்டியில் முப்பது பேர் இருமலுக்கு நடுவே அவளை உட்காரவைக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம் என்றும் கேள்வி. அப்போதுதான் ரயில் பாதை ஓரத்து வேப்பமரம் கண்ணில் பட்டது.

வாசலில் வேப்பிலை தொங்கினால் அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த வீட்டில் அம்மை. வெளியார் படி ஏறமாட்டார்கள். அங்கிருந்து நெருப்பு வாங்கமாட்டார்கள். தெருவில் நின்றுகூடச் சத்தமாகப் பேசமாட்டார்கள். எந்தச் சர்க்கார் நோட்டீசுக்கும் கிடைக்காத மரியாதை அந்த ஒரு கொத்துக்கு உண்டு. நான் நல்ல பெரிய கொத்தாக ஒடித்துவந்து நிலைப்படியில் கட்டினேன். மனைவி உள்ளேயிருந்து பார்த்தாள்.

"ஏங்க, சாமியைக் காவக்காரனா வைக்கிறீங்களா?"

"பத்து நாளைக்குத்தான். காய்ச்சல் அடங்கினதும் எடுத்துடலாம்."

"அவ வந்து, என்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு கேட்டா?"

"நான் பதில் சொல்லிக்கறேன்."

"ஆபீஸ் துரை கேட்டாலே ஒங்களுக்கு வாய் வராது."

ஆனால் வேப்பிலை வேலை செய்தது. அன்று மாலை ஷண்டரின் மனைவி கிண்ணத்தோடு வந்தார், பத்தடி தூரத்தில் நின்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், திரும்பிப் போனார். குழாயடியில் சத்தம் தணிந்தது. இரண்டு நாள் எங்கள் படியை ஒரு கால் மிதிக்கவில்லை. நான் மட்டும் பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போய்வந்தேன். என் சாமர்த்தியத்தை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லையே என்பதுதான் குறை.

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

தொட்டுப் பார்த்தேன். நெற்றி அடுப்புக்கல் மாதிரி இருந்தது. முதுகு விட்டுப் போகிறது என்றாள். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். அப்புறம் இருமினாள். அந்த இருமலை நான் ஆபீசில் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில்வே ஆஸ்பத்திரி டிரசர் தினமும் காலையில் மருந்துப் பெட்டியோடு சைக்கிளில் வரிசை வரிசையாகப் போவார். வாசலுக்கு ஓடினேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளை எதிர்ப்பக்கமாக ஒதுக்கினார்.

"டிரசர் ஐயா! நில்லுங்க! என் சம்சாரத்துக்குக் காய்ச்சல். மருந்து வேணும்."

அவர் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினார். "காய்ச்சலா?"

"ஆமா."

"முதுகுவலி?"

"ஆமா."

"வாசல்ல வேப்பிலை?"

"ஆமா. ஆனா அது..."

"அப்புறம் என்ன கிராணியாரே? மூணுக்கும் நீங்களே ஆமாங்கறீங்க."

"ஐயா, அது சும்மா கட்டினது. அம்மை இல்ல. இன்புளுவன்சா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் மொகம் பூரா முத்தை வெச்சுக்கிட்டு வேர்க்குருன்னார்." அவர் பெடலை மிதித்தார். "நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். மத்தியானம் வண்டி வரும். வேண்டியதை எடுத்து வைங்க."

என்ன வண்டி என்று நான் கேட்கவில்லை. அம்மை கண்டவர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே, செராஸ் போகும் வழியில் இருந்த கொட்டகைக்குக் கொண்டுபோகும் வண்டி. அங்கே வரிசையாக நிஜமான பெரியம்மை படுத்திருக்கும். அம்மையே இல்லாதவளை, ஏழு மாத வயிற்றோடு, நூற்றுநான்கு டிகிரிக் காய்ச்சலோடு அதன் நடுவே கொண்டுபோய்ப் படுக்கவைக்கப் போகிறார்கள். காய்ச்சல் அவளை விட்டாலும் கொட்டகை விடாது.

நேற்று வரை ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அவள் ஆரோக்கியமாக எழுந்து நடந்து காட்டியிருப்பாள். இன்று நான் உண்மையைச் சொன்னால், அம்மையை மறைக்கிறவன் சொல்லுகிற பொய்யாகவே அது இருந்தது. அம்மையும் முதல் இரண்டு நாள் வெறும் காய்ச்சலும் முதுகுவலியுமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள்தான் முத்து காணும். அதுவரை எந்த டாக்டராலும் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது.

நாற்காலியைப் போட்டு ஏறி வேப்பிலையை அவிழ்க்கப் போனேன்.

"தம்பி, அதுல கை வைக்காத. இப்ப அவுத்தா ஒளிக்கறேன்னுதான் ஆகும்."

பக்கத்து வீட்டு அக்கா. இன்ஜின் ஃபயர்மேனின் மனைவி. கத்தோலிக்கர், கழுத்தில் ஜெபமாலை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு நேரே படியேறி உள்ளே போனார். இரண்டு நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆள்.

"அக்கா, நீங்க வரலாமா?"

"எனக்கு ஒம்பது வயசுல வந்துட்டுப் போயிட்டா. ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவ வரமாட்டா, மரியாதை தெரிஞ்சவ." மனைவியின் நெற்றியைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். அவள் இருமினாள். "இந்த இருமல் காலையிலேருந்து சுவத்துக்கு மேல கேக்குது. அம்மைல ஏது இருமல்? இது அவ இல்லையே. வேப்பிலையை யார் கட்டச் சொன்னது?"

சொன்னேன். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"நாங்க வரக்கூடாதுன்னா?"

நான் கட்டிலின் காலைப் பார்த்தேன்.

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? படிச்ச புள்ள!" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர் எடுக்கவில்லை. துணியை நனைத்து அவள் நெற்றியில் போட ஆரம்பித்தார்.

மத்தியானம் வண்டி வந்தது. கூண்டு கட்டிய மாட்டுவண்டி. கூண்டைச் சுற்றிக் கார்பாலிக்கில் நனைத்த படுதா. தூக்குக் கட்டிலோடு இரண்டு ஆட்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் பத்தடிக்கு அப்பால், மூக்கில் தைலத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். தமிழர்தான்.

"எழுத்து மூலம் ரிப்போர்ட் இருக்கு. வாசல்ல வேப்பிலை இருக்கு. உள்ள காய்ச்சல் இருக்கு. தூக்குங்கப்பா."

ஆட்கள் படியில் கால் வைத்தார்கள். நான் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கதாநாயகன் மாதிரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பேன்.

"ஐயா, அம்மை இல்ல. அக்கம்பக்கத்தார் வராம இருக்கணும்னு நான்தான் கட்டினேன்."

"என்ன? காதுல விழல."

"அக்கம்பக்கத்தார் வராம இருக்க..."

"சத்தமாச் சொல்லும்யா!"

"வரிசைக்காரங்க யாரும் எங்க வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நான் பொய்யா வேப்பிலை கட்டினேன்!"

அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் சொன்னதில்லை. மற்ற ஐந்து வீட்டிலும் கதவு ஒருக்களித்திருந்தது. பிறகு கோடி வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆபீஸ் முத்திரை குத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக.

இன்ஸ்பெக்டர் மட்டும் அசையவில்லை. "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். வேப்பிலை கட்டிட்டு அம்மை இல்லங்கறவங்களை நெறையப் பாத்தாச்சு. தாபோலே, முடியாது. தூக்குங்க."

அக்கா என் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். "இன்ஸ்பெக்டரையா, என் மூஞ்சியைப் பாருங்க. அம்மை எப்பிடி இருக்கும்னு எனக்கா தெரியாது? கப்பல்ல வந்து எறங்கினப்ப இந்தப் பொண்ணுக்குக் கேம்புல அம்மை குத்தியிருக்கு. கையில தழும்பு இருக்கு, வந்து பாருங்க."

"தழும்பு இருந்தும் வந்திருக்கு."

"சரி, மூணு நாள் பொறுங்க. வீட்டைப் பூட்டி வைங்க. நான் உள்ளயே இருக்கேன். ஒரே ஒரு முத்து கண்டாலும் நானே தூக்கியாந்து ஒங்க வண்டில போடறேன். இல்லாத அம்மைக்கு இப்பக் கொண்டுபோயி, ரெண்டு உசுரு போச்சுன்னா அந்த ரிப்போர்ட்டை யாரு எழுதுவா? நீங்களா, இந்தத் தம்பியா?"

வண்டிக்குள்ளேயிருந்து யாரோ முனகினார்கள். அப்போதுதான் அதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார், கையிலிருந்த நீளமான பட்டியலைப் பார்த்தார். ஓர் ஆளை விட்டுச் சாக்கட்டியால் எங்கள் கதவில் ஒரு வட்டமும் கோடும் போடச் சொன்னார். "வெள்ளிக்கிழமை வருவேன். அதுவரைக்கும் இந்த வீட்டிலேருந்து ஓர் ஆள் வெளிய வரக்கூடாது."

அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுதுவது கஷ்டம். எழுதக்கூடிய மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நான் அவள் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி, கை, பாதம், மறுபடி நெற்றி. அதுவரை அவள் முகத்தை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை என்பது இன்றும் என்னிடம் அவள் வைத்திருக்கும் புகார்களில் ஒன்று.

டிரசர் மருந்துப் புட்டியைச் சாக்கடைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போவார். அவர் தெருமுனை தாண்டியபின் அக்கா போய் எடுப்பார். தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன்பே, மறுநாள் காலை படியில் இரண்டு குடம் நிறைத்து வைத்திருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. தண்ணீர் பாதி சிதறும்படி ணங்கென்று வைத்த சத்தம் மட்டும் கேட்டது. என் மேல் இருந்த கோபம் முழுவதும் அந்தச் சத்தத்தில் இருந்தது.

இரண்டாம் நாள் அவள் பிதற்ற ஆரம்பித்தாள். கிள்ளானில் இருக்கும் அக்காளைக் கூப்பிட்டு, சோற்றை வடி, சோற்றை வடி என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம். அக்கா மணிக்கொரு தரம் வயிற்றில் உள்ளங்கையை வைப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், பிள்ளை அசைந்தால் அவர் தலையசைப்பார். அன்று காலையிலிருந்து பிற்பகல் வரை அவர் தலையசைக்கவில்லை.

"அக்கா?"

"புள்ள தூங்கும் தம்பி. எந்நேரமும் ஆடிக்கிட்டேவா இருக்கும்?"

சொல்லிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் அன்றுவரை படித்திருந்த எந்தப் பத்திரிகையிலும், வயிற்றில் இருக்கும் பிள்ளையை எழுப்புவது எப்படி என்று போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் அவள் இடது மணிக்கட்டில் சிவப்பாக ஒன்று தெரிந்தது.

முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மறைப்பவர்களைப் பற்றி டிரசர் சொன்னது ஞாபகம் வந்தது; இப்போது நானும் அவர்களில் ஒருவன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டுப் போர்வையை விலக்கினார். மணிக்கட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

"தம்பி," என்றார், "இந்தக் கட்டிலை வெயில்ல போட்டு எத்தனை மாசமாச்சு? மூட்டைப்பூச்சி."

அவர் கையை விடும்போது, போர்வைக்குக் கீழே வயிறு ஒரு பக்கமாக மெல்லப் புடைத்துத் தணிந்தது. இருவரும் பார்த்தோம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்தேன். அங்கே செய்ததை இங்கே எழுத அவசியமில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்து, கையையும் முகத்தையும் திருப்பிப் பார்த்து, "இன்புளுவன்சாதான்," என்றார். ஊரில் எத்தனையோ பேரைக் கொன்ற வியாதியின் பெயரைக் கேட்டு, கல்யாணச் செய்தி கேட்டவன் மாதிரி அவரைக் கும்பிட்டேன். அவர் போகும்போது கதவிலிருந்த சாக்கட்டிக் குறியைத் தன் தைலத்துணியாலேயே துடைத்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் வியர்த்தது. பாய், தலையணையெல்லாம் நனைந்து வியர்த்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அவகிட்ட பதில் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை. பெர்மாங்கனேட்டின் மகிமை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும், நான் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கியிருந்தது. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் போனேன். கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம் என்று. ஷண்டரின் மனைவி கதவைத் திறந்து, தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முந்திய ராத்திரியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் அன்பை உணராமல் போனேன், பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும், நீங்கள் முன்போலவே எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று நீளமாக, ஒரு பிழையில்லாமல்.

அவர் முழுவதையும் கேட்டார். ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார்.

"அட நீங்க வேற, கிராணியாரே! நாங்களே ஒங்க வீட்டுக்கு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான வந்துக்கிட்டிருந்தோம். மாசமா இருக்கற பொண்ணைப் பாக்காம இருந்தா நல்லாவா இருக்கும்னு வந்தோம். இந்த வரிசையிலேயே தெனமும் அந்த ஆபீஸ் இருமலுக்குள்ள ஒக்காந்துட்டு வர்றவரு நீங்க ஒருத்தர்தான். வேப்பிலையைப் பாத்தப்ப, பாவம் அந்தப் பொண்ணுன்னு இருந்துச்சு. அப்பாடா, இனிமே அந்த மனுசன் பக்கத்துல போய் ஒக்கார வேண்டாம்னும் இருந்துச்சு."